குழந்தை மனசில் கசப்பு வேண்டாம்!

சர்க்கரை வியாதி என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறது? சர்க்கரை போடாத காப்பியை முகம் சுளித்துக் குடித்துவிட்டு, யாரும் பார்க்காத சமயத்தில் லட்டு டப்பாவைத் தேடும் தாத்தாதானே? பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடும் எட்டு வயதுச் சிறுமிக்கும் அந்த வியாதி வரும் என்றால் பலர் நம்பமாட்டார்கள். நம்பினாலும், "நிறைய மிட்டாய் தின்றிருப்பாள்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்!

மிட்டாய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, தாய்மார்களே. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வருவது 'முதல் வகை' நீரிழிவு. கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவல் சக்தியே வழி தவறி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுகிறது. இதில் குழந்தை பேரிலும் குற்றம் இல்லை. பெற்றவள் பேரிலும் குற்றம் இல்லை. 1922 ஜனவரியில் கனடா தேசத்து டொரான்டோ நகரில் லியோனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன் முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள். அதற்கு முன்பு இந்த வியாதி வந்த குழந்தை நெடுநாள் பிழைப்பது அரிது. இன்றோ தினம் மூன்று நாலு ஊசி போட்டுக்கொண்டு, மற்றக் குழந்தைகளைப் போலவே படித்து, விளையாடி வளர்கிறார்கள்.

ஊசி வலி நாளடைவில் பழகிவிடுகிறது. பெரியவர்கள் பேச்சினால் உண்டாகும் வலிதான் பழகுவதில்லை. கொரோனா காலத்தில் இது நன்றாகத் தெரிந்தது.

காதில் விழுந்த சமாசாரம்

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் எப்படி இருந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். தொழிற்பேட்டை ஓய்ந்தது. மின்சார ரயில் நின்றது. பொதுமக்கள் மறுபடி அதில் ஏற டிசம்பர் ஆயிற்று. மே மாதம் கோயம்பேடு மார்க்கெட்டில் தொற்று பரவவே, அதை மூடி, காய்கறிக் கடைகளைப் பூந்தமல்லியை அடுத்த திருமழிசைக்கு மாற்றினார்கள். ஆவடியிலிருந்து எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போவதே பெரிய யாத்திரை ஆகிவிட்டது. வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் அப்பா, இன்சுலின் இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று கணக்குப் பார்க்கும் அம்மா. இவர்களுக்கு நடுவே குழந்தை.

சாயங்காலமானால் டெலிவிஷன். சுகாதாரத் துறையின் தினசரி அறிக்கையில் இறந்தவர்களின் வயதும், அவர்களுக்கு முன்பே இருந்த வியாதியும் இருக்கும். 'நீரிழிவு' என்ற சொல் அதில் அடிக்கடி வரும். பெரியவர்கள் 'உச்' கொட்டிவிட்டு எழுந்து போவார்கள். மூலையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கோ அது தன்னைப் பற்றிய செய்தி. "அம்மா, நானும் செத்துப் போவேனா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டால் நல்லது. கேட்காமல் மனசுக்குள் பூட்டி வைத்துக்கொண்டால்?

உண்மை என்ன? கொரோனாவில் இறந்தவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்த குழந்தைகளுக்கு அந்த நோய் பெரும்பாலும் லேசாகத்தான் வந்து போயிற்று. இதை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருந்தால், எத்தனை குழந்தைகள் ராத்திரியில் நிம்மதியாகத் தூங்கியிருக்கும்!

மீட்டரும் மார்க்கும்

முதல் எட்டு வகுப்புகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தது 2021 நவம்பர் 1-ந் தேதிதான். ஒன்றரை வருஷத்துக்கு மேல் வீட்டுக்குள் அடைந்து கிடந்தால் ஓட்டமும் ஆட்டமும் குறையும். தூக்கமும் ஆகாரமும் வேளை தப்பும். போதாக்குறைக்குப் பயம் வேறு. பயந்த உடம்பில் அட்ரினலின், கார்ட்டிசால் போன்ற சுரப்புகள் அதிகமாகிச் சர்க்கரையை ஏற்றிவிடும். குழந்தை ஒன்றும் திருடித் தின்னாமலே மீட்டர் 280 என்று காட்டும்.

அப்போது நாம் என்ன சொல்கிறோம்? "என்னடி தின்றாய்? உண்மையைச் சொல்!" பரீட்சையில் மார்க் குறைந்த பிள்ளையைக் கேட்பது போல! நாலு தடவை இப்படித் திட்டு வாங்கினால், ஐந்தாம் தடவை குழந்தை விரலில் குத்திப் பார்க்காமலே நோட்டில் 120 என்று எழுதி வைத்துவிடும். அந்தப் பொய் எண்ணை நம்பி இன்சுலின் அளவைத் தீர்மானித்தால் எவ்வளவு ஆபத்து, யோசித்துப் பாருங்கள்.

"வெளியே சொல்லாதே"

பெண் குழந்தையாக இருந்துவிட்டால் இன்னொரு கவலையும் சேர்ந்துகொள்கிறது. "நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போக வேண்டியவள்; யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று வியாதியை மூடி மறைக்கிறார்கள். ஒளிந்து ஒளிந்து ஊசி போட்டுக்கொள்ளும் பெண், தான் ஏதோ தப்புச் செய்தவள் என்றே நினைப்பாள். பள்ளியில் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்தால் உதவ வேண்டிய டீச்சருக்கும் விஷயம் தெரியாது. கல்யாணத்துக்கு இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கிறது. மயக்கம் நாளைக்கே வரலாமே!

நீங்கள் செய்யக்கூடியவை

மீட்டரைப் பார்த்து 'நல்லது, கெட்டது' என்று சொல்லாதீர்கள். 'கூடியிருக்கிறது, குறைந்திருக்கிறது' என்று மட்டும் சொல்லி, "இப்போது என்ன செய்யலாம், கண்ணு?" என்று கேளுங்கள்.

குழந்தை காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், முதலில் மீட்டர், அப்புறம்தான் கண்டிப்பு. உடம்பு நடுங்கி, வியர்த்து, பசிக்கிறது என்றால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். உடனே குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுத்து, பதினைந்து நிமிஷத்தில் மறுபடி பாருங்கள்.

வயதுக்குத் தகுந்தபடி சின்னப் பொறுப்புகளைக் கொடுங்கள். ஆனால், "உன் வியாதி, நீயே பார்த்துக்கொள்" என்று முழுச் சுமையையும் அதன் தலையில் வைத்துவிடாதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் முகம் வாடியே இருந்தால், விளையாட்டில் நாட்டம் போனால், ஊசியை வேண்டுமென்றே தவிர்த்தால், டாக்டரிடம் சர்க்கரையோடு மனசைப் பற்றியும் சொல்லுங்கள். அரசாங்கத்தின் 104, 'டெலி மானஸ்' 14416 ஆகிய எண்களிலும் மனநல ஆலோசனை கிடைக்கும். "உயிரோடு இருந்து என்ன பிரயோஜனம்?" என்று குழந்தை சொன்னால், விளையாட்டுப் பேச்சு என்று தள்ளிவிடாமல் அன்றைக்கே அழைத்துப் போங்கள்.

கொரோனா ஊரடங்கு போய்விட்டது. டெங்குவோ வெள்ளமோ புதுக் காய்ச்சலோ நாளைக்கு வரலாம்; டெலிவிஷன் மறுபடி பயமுறுத்தலாம். அன்று சாயங்காலம் அந்தப் பெட்டியைக் கொஞ்சம் அணைத்து வையுங்கள். குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து, "உனக்கு என்ன பயம், சொல்லு" என்று கேளுங்கள். பதில் வருகிறவரை பொறுமையாகக் காத்திருங்கள்.