மண்ணுக்கு நாம் பட்ட கடன்

பைக்காரா ஆற்றின் நீர் 1932-ஆம் ஆண்டிலேயே மின்சாரமாயிற்று. இன்று நம் இல்லங்களின் விளக்குகளுக்கு மலைநீர் மட்டும் போதுவதில்லை. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும் வேண்டியிருக்கிறது. அவ்வொளிக்காக அங்குள்ள மண் கொடுக்கும் விலையை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

1957-இல் பிரதமர் நேரு தொடங்கி வைத்த திறந்தவெளிச் சுரங்கம் அது. கரியை அடைய, பல பனை உயரத்திற்கு மேல்மண் அகழப்படுகிறது. அடியில் கிடந்த மண் மேலே வருகிறது. அதில் மட்கும் இல்லை, தழைச்சத்தும் இல்லை. வெறுமனே விதை தூவினால் பயனில்லை. ஆதலின், நிலத்தைச் சமன்படுத்தித் தொழு உரம் இடவேண்டும். சணப்பு, தக்கைப்பூண்டு முதலியவற்றை வளர்த்து மடக்கி உழவேண்டும். அவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து தழைச்சத்தை ஈர்த்துத் தருகின்றன. கரி எடுத்து முடிந்த இடங்களில் இவ்வாறு மண்ணைப் பண்படுத்தியே நெய்வேலியில் மரங்களும் பயிர்களும் வளர்க்கப்படுகின்றன.

ஆயினும், பசுமையெல்லாம் மீட்சி அன்று. தோல் பதனிடும் பட்டைக்காக நம் புல்வெளிகளில் நடப்பட்ட சீகை மரங்கள், புல்லையே விழுங்கிப் பரவியதை நீலகிரியில் கண்டோம். எந்த மண்ணுக்கு எது உரியதோ, அதையே நடுதல் வேண்டும்.

ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவுமே மனிதன் அங்கு வைக்கப்பட்டான் என்கிறது தொடக்க நூல். எடுப்பதற்குச் சில நாள்கள் போதும். திருப்பித் தருவதற்கோ ஒரு தலைமுறை ஆகும். இன்றிரவு குடும்ப செபத்திற்கு விளக்கை ஏற்றும்போது, அவ்வொளிக்காகத் தம் நிலத்தை இழந்த உழவரையும் நினைவுகூர்வோம். தேவையின்றி எரியும் மற்ற விளக்குகளை அணைப்போம்.