தூண்டில் ஓய்வெடுக்கும் மாதங்கள்

குலு மாவட்டத்திற்கு மாற்றலாகி வந்த முதல் ஆண்டில் நாங்கள் மூவரும் ஆசையுடன் தூண்டிற்கோல்கள் வாங்கினோம். வாங்கியது நவம்பர் மாதம். அதன் பின்னரே, இமாசலப் பிரதேசத்தின் டிரவுட் ஆறுகளில் நவம்பர் முதல் நாள் தொடங்கிப் பிப்ரவரி இறுதி வரை மீன்பிடிக்கத் தடை உள்ளது என்பதை அறிந்தோம். மார்ச் முதல் நாள் தடை நீங்கும். ஆனால், வங்கி ஊழியருக்கு மார்ச் எத்தகைய மாதம் என்பதை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆண்டுக் கணக்கை முடித்து நாங்கள் நிமிரும்போது ஏப்ரல் பிறந்துவிடும். மே மாதத்திலோ பனி உருகி ஆறு பெருகத் தொடங்கும். ஆக, எங்களுக்கு வாய்க்கும் தூண்டில் நாட்கள் ஓராண்டில் ஐந்தோ ஆறோ. காத்திருக்கும் நாட்களோ மார்ச்சையும் சேர்த்தால் நூற்றைம்பது. இந்த நூற்றைம்பது நாட்களை மூன்று குளிர்காலங்களில் எவ்வாறு கழித்தோம் என்பதையே இங்கு எழுதுகிறோம்.

எங்கள் ஆறு தீர்த்தன். பெரும் இமாலய தேசியப் பூங்காவின் பனிமலைகளில் தோன்றி, குஷைனி, பஞ்சார் வழியாக இறங்கி, லார்ஜி அருகே சைஞ்ச் ஆற்றுடன் கூடிப் பியாஸில் கலக்கிறது. அப்பூங்கா 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. ஆற்றில் வாழும் பழுப்பு டிரவுட் இந்நாட்டு மீனன்று. 1900-இல் ஸ்காட்லாந்திலிருந்து முட்டைகளாகக் காஷ்மீர் வந்து, அங்கிருந்து 1909-இல் குலுவிற்குக் கொண்டுவரப்பட்டது. (நம் நீலகிரியின் அவலாஞ்சியில் டிரவுட் குஞ்சு பொரிப்பகத்தைப் பார்த்த வாசகர்கள் இருக்கக்கூடும், அங்கு வளர்வது வானவில் டிரவுட்.) இம்மீனைப் பிடிக்கப் புழு வேண்டுவதில்லை. இறகையும் நூலையும் கொண்டு பூச்சியைப் போலக் கட்டிய சிறு தூண்டில் முள்ளை, நீர்மேல் உண்மைப் பூச்சி இறங்குவதைப் போல இறக்க வேண்டும். சொல்வதற்கு எளிது.

முதல் குளிர்காலத்தில் எங்களால் ஒரு பிழை நேர்ந்தது. டிசம்பர் மாத ஞாயிறு ஒன்றில், நிழற்படம் எடுப்பதற்காகக் காலணியைக் கழற்றிவிட்டு, கணுக்கால் அளவே நீர் ஓடிய சரளைத் திட்டின் வழியே ஆற்றின் நடுப்பாறைக்கு நடந்தோம். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கம்பை ஓங்கிக் கூவினார். திரும்பி வந்ததும், “தூண்டில் போடவில்லை, மீன் பிடிக்கவில்லை, வெறுமனே நடந்தோம், தாதாஜி” என்றோம். “பிடித்திருந்தாலும் ஒரு மீன்தான் போயிருக்கும்” என்றார் அவர்.

அவர் கூறியதன் பொருளைப் பின்னர்ப் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டோம். பழுப்பு டிரவுட் குளிர்காலத் தொடக்கத்தில் முட்டையிடுகிறது. பெண் மீன் வாலால் சரளையைக் கிளறிக் குழி செய்து, முட்டையிட்டபின் மீண்டும் சரளையால் மூடிவிடும். ஒரு கிலோ எடையுள்ள மீன் ஆயிரத்திற்கும் மேற்பட்ட முட்டைகளை இடக்கூடும். நீரின் வெப்பம் 10 பாகை செல்சியஸ் எனில் அவை பொரிக்க ஏறத்தாழ 40 நாள் ஆகும். 5 பாகை எனில் அதைப் போல் இருமடங்கு. பொரித்த பின்னும் குஞ்சுகள் உடனே வெளிவருவதில்லை. வயிற்றில் ஒட்டியுள்ள கருவுணவுப் பையை உண்டு தீர்க்கும்வரை கற்களின் இடுக்கிலேயே கிடக்கின்றன. எனவே தடை நீங்கிய பின்னரும், சரளையில் கால் வைக்குமுன் சற்று நின்று பார்ப்பது நல்லது. முதிர்வு நாளுக்கு முன்னரே வைப்புத் தொகையை முறிக்க வருவோருக்கு இழப்பை எடுத்துச் சொல்லும் நாங்கள், அன்று ஆற்றில் அதைவிடப் பெரிய இழப்பை விளைவித்துவிட்டோம். எத்தனை முட்டைகள் எங்கள் காலடியில் நசுங்கின என்பதற்குக் கணக்கில்லை.

அன்றுமுதல் நாங்கள் கரையிலேயே நடக்கிறோம். குளிர்காலத்தில் தீர்த்தன் வற்றித் தெளிந்திருக்கும். மழைக்கால வெள்ளம் மாற்றிவைத்த படுகை முழுவதும் கண்ணுக்குத் தெரியும். எந்தப் பாறையின் பின்னே மடு உள்ளது, எங்கே நீரோட்டம் இரண்டாகப் பிரிகிறது, எந்த மரக்கிளை தூண்டில் நூலைப் பற்றிக்கொள்ளும் என்பதையெல்லாம் ஒரு பழைய பேரேட்டில் வரைந்து வைக்கிறோம். அடர்நிறக் கற்களுக்கிடையே புதிதாய்க் கழுவியதைப் போன்ற வெளிறிய திட்டைக் கண்டால் அது முட்டைக் குழியாக இருக்கலாம். அவ்விடத்தைச் சிவப்பு மையால் வட்டமிடுகிறோம். ஏப்ரலில் நீர் உயர்ந்தபின் இவற்றுள் எதுவும் கண்ணில் படாது.

கூடவே பறவைகள். பழுப்பு டிப்பர் என்னும் சிறு பறவை உறைபனிக் காலையிலும் பாறையிலிருந்து நீருக்குள் இறங்கி, அடியில் நடந்து பூச்சி தேடுவதைக் கண்டால் குளிர் மறந்துபோகும். வெண்தலையும் செவ்வாலும் கொண்ட ரெட்ஸ்டார்ட், உயரத்துப் பனிக்கு அஞ்சிக் கீழே இறங்கி இக்கற்களில் வாலசைத்துக்கொண்டிருக்கும். இரண்டும் நீர்ப்பூச்சிகளை நம்பி வாழ்வன. அவை மிகுந்து காணும் இடத்தில் டிரவுட்டுக்கும் உணவு உண்டு என்று குறித்துக்கொள்கிறோம்.

பிற்பகலில் அறுவடை முடிந்த வயலில் வீச்சுப் பயிற்சி. முள்ளிற்குப் பதிலாகச் சிறிது கம்பளி நூலைக் கட்டிக்கொண்டு, கோலைக் கடிகாரத்தின் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையே ஆட்டிப் பழக வேண்டும். புல்லின்மேல் தூண்டில் போடும் வங்கி அதிகாரிகளைக் காண ஊர்ச் சிறுவர்கள் திரண்டுவிடுவர். அவர்களுள் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி இப்போது எங்கள் மூவரையும்விட நன்றாக வீசுகிறாள்.

பனி பொழிந்தால் ஷோஜாவிலிருந்து தேவதாரு மரங்களினூடே நடப்பதுண்டு. மூவாயிரம் மீட்டரைத் தாண்டிய ஜலோரி கணவாய்ச் சாலை அந்நாட்களில் பெரும்பாலும் மூடப்பட்டிருக்கும். உறைந்த சாலையில் வண்டி ஓட்டிப் பார்க்கும் விருப்பம் எங்களுக்கில்லை.

இது எங்களுக்கு மூன்றாம் குளிர்காலம். மாற்றல் பட்டியலில் எங்களுள் இருவர் பெயர் இவ்வாண்டு வரக்கூடும். ஏப்ரலில் கோலுடன் ஆற்றில் நிற்போமா, சாமான்களைக் கட்டிக்கொண்டிருப்போமா என்பது தெரியவில்லை. சென்ற ஞாயிறன்று பேரேட்டில் மேலும் இரு சிவப்பு வட்டங்கள் சேர்ந்தன. நாங்கள் போக நேர்ந்தால் அந்தப் பேரேட்டை அச்சிறுமியிடம் கொடுத்துவிடுவதாகப் பேசி வைத்திருக்கிறோம்.