மேசைமேல் ஒரு போர்க்களம்

சதுரங்கம் நம் நாட்டில் பிறந்த விளையாட்டு. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படைகளையும் கட்டங்களில் நிறுத்திப் போர்த்தந்திரம் பழகும் வழியை நம் முன்னோர் கண்டனர். எனினும் அதில் ஒரு குறை உண்டு. சதுரங்கக் காலாள் அஞ்சுவதே இல்லை. நகர்த்தினால் நகர்கிறான், வெட்டுண்டால் மறைகிறான். மெய்யான களத்தில் நிற்கும் மனிதனோ அஞ்சுகிறான். அந்த அச்சத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்ட போர் விளையாட்டுகள் மேனாடுகளில் தோன்றியுள்ளன. அவற்றைப் பற்றிச் சிறிது காண்போம்.

1824-ஆம் ஆண்டில் பிரஷ்ய நாட்டு இளம் படையதிகாரி ரைஸ்விட்ஸ் என்பவர், நிலப்படம், சிறு படைத்துண்டுகள், பகடை, நடுவர் ஆகியவற்றைக் கொண்ட விளையாட்டு ஒன்றைத் தம் படைத்தலைவர்களுக்கு ஆடிக் காட்டினார். பயிற்சிக்கு உகந்ததென அவர்கள் அதனை ஏற்றனர். பெரும்பாலும் அதிகாரிகளுக்கு உரியதாயிருந்த இக்கலை, 1954-இல் அமெரிக்கரான சார்லஸ் ராபர்ட்ஸ் வெளியிட்ட ‘டாக்டிக்ஸ்’ என்னும் பலகை விளையாட்டினால் பொதுமக்களின் கைக்கு வந்தது. 1977-இல் ஜான் ஹில் வகுத்த ‘ஸ்குவாட் லீடர்’ வெளியாயிற்று. பெரும் படைகளை விடுத்து, பத்துப் பேர் கொண்ட சிறு குழுக்களின் போரை அது மேசைக்குக் கொணர்ந்தது.

இத்தகைய ஆட்டங்களுக்கெனப் பல ஊர்களில் கழகங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று கூடும் நாளில் நாமும் உள்ளே நுழைவதாகக் கொள்வோம். காலை நேரம், ஒரு சிறு மண்டபம். மேசைதோறும் இருவர் எதிரெதிரே அமர்ந்திருக்கின்றனர். இடையே விரித்த நிலப்படத்தில் தெருக்கள், கட்டடங்கள், தோப்புகள். படம் முழுவதும் தேனடையைப் போன்ற அறுகோணக் கட்டங்கள். ஒரு கட்டம் ஏறத்தாழ நாற்பது மீட்டர் நிலம். ஒரு சுற்று ஆட்டம் இரண்டு நிமிடப் போர். அதைத் தீர்மானிக்க ஆடுவோருக்குக் கால்மணி நேரமும் ஆகலாம்! அடுக்கிய அட்டைத்துண்டுகள் கலையாதிருக்கச் சிலர் சிறு இடுக்கியால் எடுத்து வைக்கின்றனர்.

ஒரு மேசையில் 1942-ஆம் ஆண்டின் ஸ்டாலின்கிராட் நகரம். தெருவுக்கு அப்பாலுள்ள கட்டடத்தை ஒருவர் கைப்பற்ற வேண்டும். நேரே ஓடினால் எதிரியின் குண்டுக்கு இலக்காவார். சுற்றிச் சென்றால் சுற்றுகள் தீர்ந்துவிடும். முதலில் சுட்டு எதிரியை ஒடுக்குவதா, துணிந்து கடப்பதா? இதுவே அன்றைய பொழுதெல்லாம் அவரை வாட்டும் வினா.

ஒவ்வொரு குழுவின் துண்டிலும் மூன்று எண்கள் உள்ளன. முதலாவது சுடும் வலிமை, இரண்டாவது குண்டு எட்டும் தொலைவு, மூன்றாவது மனத்திட்பம். இவ்விளையாட்டின் உயிர்நிலை இம்மூன்றாம் எண்ணே. சுடப்பட்ட குழு பெரும்பாலும் உடனே அழிவதில்லை, சோதனைக்கு உள்ளாகிறது. இரு பகடைகளை உருட்டுகின்றனர். கூட்டுத்தொகை மனத்திட்ப எண்ணை மீறினால் துண்டு தலைகீழாகத் திருப்பப்படும். அக்குழுவினர் உயிரோடிருக்கின்றனர்; ஆனால் நெஞ்சு கலங்கி மறைவிடம் தேடி ஓடுகின்றனர்.

மனத்திட்பம் ஏழு எனக் கொள்வோம். இரு பகடைகள் விழும் வகை முப்பத்தாறு. அவற்றுள் இருபத்தொன்றில் அக்குழு நிலைத்து நிற்கும். நல்ல அதிகாரி உடனிருந்தால் பகடைத் தொகையில் ஒன்று கழியும். நிலைக்கும் வகைகள் இருபத்தாறாக உயரும். தகுதியற்ற அதிகாரியானால் ஒன்று கூடும். அவை பதினைந்தாகக் குறையும். துப்பாக்கி அதே, வீரரும் அவரே. தலைவன் ஒருவனால் இத்தனை வேறுபாடு! கலங்கிய குழு மீண்டும் திரள வேண்டுமாயினும் அதிகாரி அருகே வந்தாக வேண்டும். ஆகவே அவரை முன்னணியில் நிறுத்துவதா, பின்னே காப்பதா என்பதும் ஆடுவோரின் பெருங்கவலையாகிறது. படைக்கென இரண்டு அதிகாரங்களை வகுத்த வள்ளுவரும், ஆயுதங்களைக் காட்டிலும் வீரர்தம் நெஞ்சுறுதியையே மிகுதியாகப் பேசியதை இங்கு நினைவுகூர்வது பொருந்தும்.

மெய்யாகவே மாந்தர் மாண்ட களத்தை விளையாட்டாக்குதல் தகுமா என்று நாம் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியே இது. காயமுற்றோரின் ஓலம் அம்மேசையில் ஒலிப்பதில்லை. அக்கட்டடங்களில் குடியிருந்த மக்களுக்கென ஓர் அட்டைத்துண்டுகூட இல்லை. இக்குறையை மறைத்தல் நேர்மையாகாது. ஆயினும் போரை வெறும் வீரக்கதையாகக் கேட்டு மகிழ்பவன் அறியாத ஒன்றை இது உணர்த்துகிறது. மிகத் திருத்தமான திட்டமும், அஞ்சிய பத்துப் பேரால் ஒரு நொடியில் குலைந்துபோகிறது. பிற்பகலில் பலர் இடம் மாறி, காலையில் எதிரியாயிருந்தவனின் படையைத் தாமே நடத்துகின்றனர். தெருவின் இப்புறத்திலிருந்த அதே அச்சம் அப்புறத்திலும் இருந்ததென்பதை அப்போதுதான் காண்கின்றனர்.

மாலையில் துண்டுகள் பெட்டிக்குத் திரும்புகின்றன. எதிரெதிரே இருந்தவர் கைகுலுக்கி விடைபெறுகின்றனர். மெய்யான போரில் இவ்விரண்டும் நிகழ்வதில்லை. அந்த வேறுபாட்டை மறவாது ஆடுபவருக்கு, இவ்விளையாட்டு போரின்மீது ஆசையை வளர்ப்பதில்லை. ஆணையிடும் ஒவ்வொரு சொல்லின் சுமையையே உணர்த்துகிறது.