தாவர இயலும் விருதுகளும்

அரியலூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். "ஐயா, பௌதிகத்திற்கு நோபெல் பரிசு உண்டு, இரசாயனத்திற்கு உண்டு. செடி கொடிகளை ஆராய்ந்தவருக்கு ஏன் இல்லை?" இல்லாததற்கு நான் என்ன செய்வேன், பாடத்தைப் படி என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டேன். அப்படி நான் அனுப்பியிருக்கக் கூடாது. அன்று சொல்லத் தவறிய விடையை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

தாவர இயலுக்கென்று தனி நோபெல் பரிசு இல்லை என்பது உண்மையே. ஆனால் தலைவாயில் அடைத்திருந்தாலும், பக்கத்து வாயில்கள் வழியாகத் தாவர அறிஞர் பலர் உள்ளே சென்றிருக்கின்றனர். பச்சையத்தை ஆராய்ந்த வில்ஸ்டேட்டர் 1915-இலும், இலை தன் உணவைச் சமைக்கும் வழியைக் கண்ட கால்வின் 1961-இலும் இரசாயனப் பரிசு பெற்றனர். கோதுமை ஆராய்ச்சியாளர் நார்மன் போர்லாக் 1970-இல் பெற்றதோ அமைதிப் பரிசு! மக்காச்சோளக் கதிரில் புள்ளியும் கோடுமாக நிறம் மாறிய மணிகளை ஆராய்ந்தவர் பார்பரா மக்ளிண்டாக் அம்மையார். குரோமோசோமின் சில பகுதிகள் இடம்விட்டு இடம் பெயரும் என்று அவர் விளக்கியபோது அதனை ஏற்றவர் சிலரே. 1983-இல் மருத்துவப் பரிசு வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 81.

நம் நாட்டிலும் இத்தகையோர் இருந்தனர். நம் பெரம்பலூர்ப் பக்கத்தில் எறையூர்ச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வண்டிகள் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். அக்கரும்பின் குலவரலாறு கோயம்புத்தூரிலிருந்து தொடங்குகிறது. அங்கே 1912-இல் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. வேறு பல இடங்களில் அரிதாகவே பூக்கும் கரும்பு, கோவைத் தட்பவெப்பத்தில் நன்கு பூத்து விதையும் கொள்ளும். பூவாத பயிரை ஒட்டுச்சேர்ப்பது எங்ஙனம்?

பார்பர் என்னும் ஆங்கில அறிஞரும், அவருடன் பணியாற்றிய டி. எஸ். வெங்கடராமனும், பருத்து இனிக்கும் 'வெள்ளை'க் கரும்பை ஆற்றோரத்துக் காட்டு நாணலோடு இணைத்தனர். நாணலில் சாறும் இல்லை, சுவையும் இல்லை. பட்டினத்தார் கையில் இனித்ததாகக் கதை சொல்லும் பேய்க்கரும்பை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வறட்சியையும் குளிரையும் தாங்கும் வலிமை அதற்கு உண்டு. இனிமையை ஒரு பெற்றோரிடமும் வலிமையை மற்றவரிடமும் பெற்றுப் பிறந்த 'கோ 205' 1918-இல் உழவர் கைக்குச் சென்று, வட இந்தியக் கரும்பு வயல்களின் நிலையையே மாற்றியது. 'கோ' என்பது கோயம்புத்தூரின் முதலெழுத்து. வெங்கடராமனுக்கு 1942-இல் 'சர்' பட்டமும், சுதந்திர இந்தியாவில் 1956-இல் பத்ம பூஷண் விருதும் கிடைத்தன. ஒட்டுச்சேர்த்ததற்கும் பத்ம பூஷணுக்கும் இடையே நாற்பதாண்டுகளுக்கு மேல் சென்றுவிட்டன.

அதே நிலையத்திற்கு 1934-இல் வந்தவர் ஜானகி அம்மாள். 1897-இல் தலச்சேரியில் பிறந்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். கரும்பைச் சோளத்தோடும் மக்காச்சோளத்தோடும் இணைத்துப் பார்த்து, அவற்றின் குரோமோசோம்களை நுண்ணோக்காடியில் எண்ணியவர். எண்ணுவது எளிய வேலை என்று நினைத்துவிடாதீர்கள். வேர் நுனியை அறுத்துச் சாயமேற்றி, இழை இழையாக எண்ணவேண்டும். பின்னர் இங்கிலாந்து சென்று, டார்லிங்டனுடன் சேர்ந்து, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் பட்டியலை 1945-இல் நூலாக வெளியிட்டார். அங்கே மக்னோலியா மலர் ஒன்றிற்கு அவர் பெயரையே சூட்டியிருக்கின்றனர். பத்மஸ்ரீ விருதோ 1977-இல்தான் வந்தது. அப்போது அவருக்கு எண்பதாம் வயது நடந்துகொண்டிருந்தது. என் மனத்திற்கு அது மிகவும் தாமதம் என்றே படுகிறது. அவர் 1984-இல் மறைந்தார். 1999-இல் மத்திய அரசு, தாவர, விலங்கு வகைப்பாட்டியல் ஆராய்ச்சிக்கென ஒரு தேசிய விருதை அவர் பெயரால் ஏற்படுத்தியது. ஒரு செடியை இன்னதென்று கண்டு, பெயரிட்டு, இனத்தோடு சேர்ப்பதுதான் வகைப்பாட்டியல். உழவு, மருத்துவம் எல்லாம் இதன்மேல் நிற்பவையே.

கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் 1961-இல் பட்நாகர் பரிசும், 1987-இல் முதல் உலக உணவுப் பரிசும் பெற்றதும், மறைவுக்குப் பின் 2024-இல் பாரத ரத்னா பெற்றதும் நீங்கள் அறிந்தவையே, விரிக்கவில்லை.

தொடக்கத்தில் சொன்ன மாணவனைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஏரிக்கரைச் செடிகளைப் பழைய செய்தித்தாளில் பாடம்செய்து, ஒவ்வொன்றின் கீழும் ஊரார் வழங்கும் பெயரை எழுதிவைத்திருந்தான். ஆண்டு விழாவில் மதிப்பெண்ணுக்குப் பரிசு தந்தேன், ஓட்டத்திற்குத் தந்தேன், கையெழுத்துக்குக்கூடத் தந்தேன். அந்தத் தொகுப்புக்கு ஒரு பென்சிலும் தந்தேனில்லை. பின்னர் அவன் வணிகவியல் படிக்கச் சென்றான். போகும்போது அக்கட்டை என்னிடமே விட்டுச் சென்றான். தும்பை, குப்பைமேனி, ஆவாரை எல்லாம் அதில் நிறம் மங்கிக் கிடக்கின்றன. கடைசித் தாளில் மட்டும் பெயர் எழுதப்படாத ஒரு புல் இருக்கிறது. அதன் பெயரை அவன் என்னிடம் கேட்டிருந்தான்.