வெள்ளையை விட்டாச்சு, சர்க்கரையை விட்டோமா?

போன எபிசோடில் '30 நாள் நோ ஒயிட் சுகர்' சேலஞ்ச் எடுக்கிறேன்னு சொல்லியிருந்தேன். என்ன ஆச்சுன்னு நிறைய பேர் கேட்டீங்க. ஒன்பதாவது நாள் வரைக்கும் சூப்பரா போச்சு. அந்த ராத்திரியைப் பத்திச் சொல்றதுக்கு முன்னாடி, நான் எங்கிருந்து இதை ஆரம்பிச்சேன்னு சொல்லிடறேன்.

நான் வளர்ந்தது நெய்வேலி டவுன்ஷிப். வெளியூர்க்காரங்களுக்கு அது நிலக்கரி ஊர். ஆனா சுத்தி இருக்கிறது கரும்புப் பூமி. சீசன்ல சேத்தியாத்தோப்பு கூட்டுறவு ஆலைக்குக் கரும்பு ஏத்திட்டுப் போற டிராக்டருக்குப் பின்னாடி மாட்டாதவங்க எங்க ஊரில் இருக்க முடியாது. பண்ருட்டி தாண்டினா நெல்லிக்குப்பம். 1842ல் பாரி கம்பெனி அங்கே ஆரம்பிச்சதுதான் நாட்டின் முதல் சர்க்கரை ஆலைன்னு சொல்வாங்க. சின்ன வயசுல நாம சாப்பிட்ட லாக்டோ கிங், காபி பைட் கூட பாரி குடும்பத்து மிட்டாய்தான். 2004ல் கொரியாவின் லோட்டே அதை வாங்கிடுச்சு. இந்த மாவட்டத்தில் இருந்துக்கிட்டு சர்க்கரையை விடறேன்னு சொல்றது, கடலோரத்தில் உட்கார்ந்து மீன் வேண்டாம்னு சொல்ற மாதிரி.

நான் செஞ்சது சிம்பிள். வீட்டில் இருந்த வெள்ளைச் சர்க்கரையை, ரேஷன் பாக்கெட் உட்பட, தூக்கிக் கொடுத்துட்டேன். மெயின் பஜாரில் நாட்டுச்சர்க்கரை வாங்கி டப்பாவை நிரப்பினேன். அப்பாவுக்கு ஏற்கெனவே 'சுகர்' இருக்கு. அவருக்கும் நல்லதுதானேன்னு நினைச்சேன்.

இங்கேதான் முதல் தப்பு. 'ரிஃபைன்ட்'னு நாம திட்டுறோமே, அது என்ன? கரும்புச் சாறோட சுண்ணாம்பைச் சேர்த்து, சல்பர் டை ஆக்ஸைடு வாயுவைச் செலுத்தி அழுக்கைப் படிய வைப்பாங்க. தெளிஞ்ச சாறை வெற்றிடக் கொப்பரையில் காய்ச்சினா படிகம் வரும். வேகமாச் சுத்துற இயந்திரத்தில் போட்டா மொலாசஸ் பிரிஞ்சு போகும், வெள்ளைச் சர்க்கரை நிக்கும். நம்ம கடைகளில் கிடைக்கிறதில் பெரும்பகுதி இந்த வகைதான். ஆலைக்காரங்க பாஷையில் இது 'ரிஃபைன்ட்' கூட இல்லை. அதைத் திரும்பக் கரைச்சு, நிறத்தை எடுத்து, மறுபடி படிகமாக்கினாதான் அந்தப் பேர். அதாவது நான் விட்ட சர்க்கரையே டெக்னிக்கலா ரிஃபைன்ட் சுகர் இல்லை!

நாட்டுச்சர்க்கரையிலும் வெல்லத்திலும் மொலாசஸைப் பிரிக்கிறதில்லை. அதனால நிறம், மணம், கொஞ்சம் இரும்புச்சத்து எல்லாம் தங்கும். மத்தபடி பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். ரத்தத்துக்குப் போனதும் அது பழுப்பா வெள்ளையான்னு உடம்பு பார்க்கிறதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2015ல் கொடுத்த வழிகாட்டலில் தேன், பழச்சாறுச் சர்க்கரை எல்லாமே ஒரே கணக்குதான். நாளோட மொத்த கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழே, முடிஞ்சா 5 சதவீதத்துக்குக் கீழே. அந்த 5 சதவீதம் சுமார் 25 கிராம், ஆறு டீஸ்பூன் வரும். 'நாட்டுச்சர்க்கரைதானே'ன்னு நான் குடிச்சது நாலு டீ, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஸ்பூன். டீயிலேயே கோட்டா தாண்டியாச்சு. சேலஞ்சுக்கு முன்னாடி மூணு டீதான் குடிப்பேன், அதைச் சொல்லவே கூச்சமா இருக்கு.

இப்போ அந்த ஒன்பதாவது நாள். அப்பா செகண்ட் ஷிஃப்ட் முடிச்சு ராத்திரி வந்தார். "நீ கட்டுப்பாடா இருக்க, நானும் ரெண்டு இட்லியோட நிறுத்திக்கறேன்"னு சொல்லிட்டு வழக்கமான மாத்திரையைப் போட்டுட்டார். விடியற்காலை ரெண்டு மணிக்கு அம்மா கத்துற சத்தம். அப்பாவுக்கு உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம், பேச்சு குழறுது. லோ சுகர். அம்மா ஓடிப்போய்ப் பார்த்தா சர்க்கரை டப்பாவே இல்லை. நாட்டுச்சர்க்கரையும் முந்தின நாளே தீர்ந்திருந்தது. பக்கத்து குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டி, நாலு ஸ்பூன் சர்க்கரை வாங்கி, தண்ணியில் கரைச்சுக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் தெளிஞ்சார். அந்தக் கால் மணி நேரம் எனக்கு மறக்காது.

நீரிழிவு மாத்திரைகளில் சில வகையும் இன்சுலினும், நாம சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் சர்க்கரையைக் குறைச்சுக்கிட்டே இருக்கும். சாப்பாடு குறைஞ்சா மாத்திரை அளவையும் டாக்டர் பார்த்து மாத்தணும். அதனால வீட்டில் யாராவது மாத்திரை போடறாங்கன்னா, உங்க சேலஞ்ச் உங்களோட இருக்கட்டும். அவங்களுக்கு வேகமாக் கரையற சர்க்கரை கைக்கெட்டுற தூரத்தில் இருக்கணும். விழுங்க முடியாத நிலையில் இருந்தா வாயில் எதையும் ஊத்தாதீங்க, நேரா ஆஸ்பத்திரி.

அதுக்கப்புறம் ரூலை மாத்தினேன். நிறத்தைப் பார்க்கிறதில்லை, ஸ்பூனை எண்ணுறேன். பாக்கெட்டைத் திருப்பி 'சேர்க்கப்பட்ட சர்க்கரை'ன்னு இருக்கிற வரியைப் படிக்கிறேன். மால்ட் பவுடர், சாஸ், 'டயட்' மிக்சர் எல்லாத்திலும் குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சிரப்னு வேற பேரில் ஒளிஞ்சிருக்கும். 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்கு மேல இருக்கு, அதை ஒரேயடியா விட்டாச்சு. டீயில் ரெண்டு ஸ்பூனை ஒண்ணரை, ஒண்ணு, அரைன்னு வாரத்துக்கு ஒரு படி இறக்கினேன். முதல் பத்து நாள் ஒவ்வொரு டீயும் கஷாயம். முப்பது நாளை மூணு மாசமா நீட்டினேன். இப்போ பஜார் கடையில் மாஸ்டர் போடற டீயை ஒரு வாய் குடிச்சா பாயசம் குடிச்ச மாதிரி திகட்டுது. நாக்கு நிஜமாவே பழகிடுது, ஆனா நாளாகும்.

பொங்கலுக்கு மட்டும் விதிவிலக்கு வச்சிருக்கேன், பன்னீர் கரும்பை யாராலயும் விட முடியாது. அப்பாவோட சட்டைப் பையில் இப்போ எப்பவும் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் இருக்கும். ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும்போது அது இருக்கான்னு தொட்டுப் பார்க்கிறது என் வேலை.