வனத்தாற்று வள்ளப் பயணமும் நாட்கணக்கும்

ஊரும் பாதையும் இல்லாத வனத்தினூடே ஓடும் ஆற்றில் சிறுவள்ளமேறிச் செல்வோர்க்குத் துணிவும் தோள்வலியும் வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும், அத்தகைய பயணங்கள் கெடுவது பெரும்பாலும் புறப்படுமுன் இடும் கணக்கிலேயாம். இன்று கனடாவைச் சேர்ந்த லாப்ரடோர் நிலத்தில், ஒரே நோக்குடன் நிகழ்ந்த இரு பயணங்களை ஒப்புநோக்கின் இது புலனாகும்.

1903ஆம் ஆண்டு யூலை 15ஆம் நாள், அமெரிக்கப் பத்திரிகையாளரான லியோனிடாஸ் ஹபர்ட், டில்லன் வாலஸ், ஜோர்ஜ் எல்சன் என்னும் இருவருடன் நோர்த் வெஸ்ற் றிவர் என்ற வணிகநிலையத்திலிருந்து ஒரே வள்ளத்திற் புறப்பட்டார். நஸ்கோப்பி ஆற்றை எதிர்த்தேறி மிச்சிக்கமோ ஏரியை அடைந்து, அப்பால் வடக்கே ஓடும் ஜோர்ஜ் ஆற்றைக் காண்பதே அவர் நோக்கம். அக்காலப் படத்தில் அவ்வாற்றின் வழி புள்ளிக்கோடாகவே வரையப்பட்டிருந்தது. புள்ளிக்கோடு என்பது கண்டறிந்த செய்தியன்று, வரைந்தவரின் ஊகம். கிராண்ட் ஏரியின் கோடியில் ஆற்றுவாய் ஒன்றன்று, பல உள. நஸ்கோப்பியின் வாயைக் காணாது கடந்த மூவரும், சூசன் என்னும் ஆழமற்ற ஓடையுட் புகுந்தனர்.

நீர் குறைந்தவிடத்தும் பாறையிடை நுரைத்துப் பாயுமிடத்தும் வள்ளத்தையும் பொதிகளையும் கரைவழியே சுமந்து கடத்தல் வேண்டும். இங்குதான் கணக்கறியாதார் ஏமாறுவர். எல்லாச் சுமையையும் ஒரே நடையிற் கொண்டுசெல்ல இயலுமாயின், ஒரு மைல் ஒரு மைலே. இரு நடை வேண்டின், சென்று, மீண்டு, மறுபடி செல்லுதலால் அது மூன்று மைலாகும். மூன்று நடையாயின் ஐந்து மைல். மிகுந்த உணவைக் கொண்டால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் மேலும் உணவு வேண்டும். இவ்விரண்டினையும் சமன்செய்வதே திட்டமிடுதலின் பெரும்பகுதி. வழியிற் கிடைக்குமென எண்ணும் மீனையும் வேட்டையையும் வரவிற் சேர்த்தல் ஆகாது. ஹபர்டின் குழுவினர் அவற்றை நம்பினர். அவர்கள் கொண்டுசென்ற வலையோ நைந்த பழைய வலை.

செப்டெம்பர் நடுப்பகுதியில், மிச்சிக்கமோ ஏரியைக் குன்றின்மேல் நின்று கண்ணாற் கண்டும் அடைய இயலாது அவர்கள் திரும்பினர். ஒக்ரோபரில் ஹபர்ட் தம் கூடாரத்திற் பசியால் இறந்தார். எல்சன் தனியே நடந்து வேட்டைக்காரரை அடைந்து உதவி அனுப்பியமையால் வாலஸ் பிழைத்தார்.

1905இல் ஹபர்டின் மனைவி மீனா, அதே எல்சனைத் தலைவராகக் கொண்டு, வேறு மூவரையும் சேர்த்துக்கொண்டு யூன் 27ஆம் நாள் புறப்பட்டார். கணவர் புறப்பட்டதினும் பதினெட்டு நாள் முன்னதாக என்பதை நோக்குக. குறுகிய கோடையுடைய வடநிலத்திற் பதினெட்டு நாள் சிறிதன்று. வள்ளங்கள் இரண்டு, ஒவ்வொன்றும் 19 அடி நீளம். கோதுமை மா மட்டும் 392 இறாத்தல். நால்வருள் ஒருவர் அவ்வட்டாரத்து வேட்டைக்காரர். ஆதலின் ஆற்றுவாய் தப்பவில்லை.

அவருக்கு நாட்கணக்கு வேறொருவகையிலும் நெருக்கடியாயிருந்தது. உங்காவா விரிகுடாவுக்கு ஆகஸ்ற் இறுதியில் வரவிருந்த கப்பலைத் தவறவிட்டால் அங்கேயே மாரியைக் கழித்தல் நேரும். ஜோர்ஜ் ஆற்றங்கரையில் எதிர்ப்பட்ட இனு மக்களின் பாசறையொன்றில் இன்னும் இரண்டு மாதம் செல்லுமென்றனர். சில நாட்களின் பின் மற்றொரு பாசறையில் ஐந்து இரவே போதுமென்றனர். ஆகஸ்ற் 27ஆம் நாள், உணவு எஞ்சியிருக்கவே, மீனா கரைசேர்ந்தார்.

இன்று செய்மதிப் படங்களும் தொலைபேசிகளும் உள. ஆயினும் அவையும் தேதியுடையன. மிச்சிக்கமோ ஏரி 1970களில் சேர்ச்சில் நீர்மின் திட்டத்தின் சிமோல்வுட் நீர்த்தேக்கத்துள் அமிழ்ந்துவிட்டது. நஸ்கோப்பியின் மேல்நீரிற் பெரும்பகுதியும் அதனுள் திருப்பப்பட்டது. மீனா வரைந்த படத்தை மட்டும் நம்பிச் செல்பவர் அவர் கண்ட ஆற்றைக் காணார். ஆதலின் படம் எந்த ஆண்டினது என்று முதலிற் பார்த்தல் வேண்டும். பின்னர், திரும்புதற்குரிய நாளைப் புறப்படுமுன்னரே குறித்து, அத்தாளை வீட்டிலிருப்பார் ஒருவரிடம் ஒப்படைத்தல் வேண்டும். குறித்த நாள் கடப்பின் யாருக்கு அறிவிப்பது என்பதும் அதில் எழுதப்பட்டிருத்தல் நன்று.