கணக்குக் கொடுத்த திருத்தொண்டர்

ஆகஸ்டுத் திங்கள் 10-ஆம் நாள் புனித லாரன்சின் திருநாள். இரும்புக் கிராதியில் வாட்டப்பட்ட வேதசாட்சியாகவே அவரை நாம் நினைவுகூருகிறோம். அவர் உரோமைத் திருச்சபையின் பொருளைப் பேணிக் காத்த பொறுப்பாளர் என்பதை அத்துணை எண்ணிப் பார்ப்பதில்லை.

கி.பி. 258-இல் வலேரியன் பேரரசனின் வேதகலாபனை கடுமையுற்றது. ஆகஸ்டு 6-இல் திருத்தந்தை இரண்டாம் சிக்ஸ்துஸ் கொலையுண்டார். திருச்சபையின் செல்வத்தை ஒப்படைக்குமாறு லாரன்சுக்கு ஆணை பிறந்தது. இசைந்த அவர், ஏழை எளியோரைத் திரட்டிக் கொணர்ந்து, திருச்சபையின் செல்வம் இவர்களே எனக் காட்டினார் என்பது மரபு.

இவ்வரலாற்றை எழுதி வைத்தோருள் ஒருவர் மிலான் ஆயர் புனித அம்புரோஸ். அவர் எழுத நேர்ந்த காரணமும் அறியத்தக்கதே. கோத்தியரிடம் சிறைப்பட்டோரை மீட்க அவர் கோவிலின் திருப்பாத்திரங்களையே உருக்கினார். பகைவர் பழி தூற்றினர். அப்பழிக்கு விடை கூறுகையில்தான் லாரன்சைச் சான்றாக அழைத்தார். ஆயரும் தம் செலவுக்குக் காரணம் கூறக் கடமைப்பட்டவர் என்று அவர் கருதினார் போலும்!

1983 நவம்பர் 27 முதல் நடைமுறையிலுள்ள திருச்சபைச் சட்டத்தொகுப்பும் இவ்வழியே செல்கிறது. ஒரு குறிப்பிட்ட நோக்கத்திற்கென அளித்த காணிக்கை அந்நோக்கத்திற்கே செலவாக வேண்டும் என்கிறது 1267-ஆம் சட்டம். விசுவாசிகளின் காணிக்கைக்கு அவர்களிடமே கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது 1287-ஆம் சட்டம். ஆனால் 222-ஆம் சட்டம் நம்மைக் கட்டுகிறது: திருச்சபையின் தேவைகளுக்கு உதவுவதும், நம் வருவாயிலிருந்து வறியோர்க்கு ஈவதும் நம் கடமை.

நாம் நன்கறிந்த பங்கொன்றில், ஒழுகும் கூரைக்கெனத் திரட்டிய பணம் திருவிழா விளக்கு அலங்காரமாகவும் வாணவேடிக்கையாகவும் மாறியது. எவரும் திருடவில்லை. திருவிழா சிறக்க வேண்டும் என்ற ஆவலே காரணம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள், நாமும் கேட்கவில்லை. அண்ணாந்து பார்த்து மகிழ்ந்தோம். ஐப்பசி மழையில் கோவில்பிள்ளை பீடத்தருகே வாளி வைத்து நீரை ஏந்தியபோதுதான் உறைத்தது.

அடுத்த பங்குக் கூட்டத்தில் மூதாட்டி ஒருவர் எழுந்தார். நாள்தோறும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்துக் கோவிலுக்குக் கொடுப்பவர். "சாமி, நான் கொடுத்த பிடி அரிசிப் பணம் எங்கே போயிற்று?" என்றார். சினமில்லை, அறியும் விருப்பமே இருந்தது. பங்குத்தந்தை சற்று நேரம் பேசவில்லை. பின்னர் கணக்கேட்டை வரவழைத்து, தாமே வரி வரியாகப் படித்தார்.

அதுமுதல் அங்கே மாதந்தோறும் வரவு செலவு கோவிற்கதவில் ஒட்டப்படுகிறது. ஏழைகளுக்கென்று அதில் ஒரு வரி உண்டு. சில மாதங்களில் அத்தொகை மிகச் சிறிது. அந்த மாதங்களில், வீடு திரும்பியதும் நம் வீட்டுக் கணக்கையும் எடுத்துப் பார்க்கிறோம்.